தலையாட்டி பொம்மைக்கு 99 மார்க்!

"மாமா, 99 பர்சன்ட் வந்துடுச்சு!"

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா பையன் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். புராஜெக்டுக்கு அவன் எடுத்திருந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு ரொம்ப நெருக்கமானது. மழை அளவையும் ஏரி மட்டத்தையும் கொடுத்தால், முடிச்சூர் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்குமா, நிற்காதா என்று சொல்லும் மெஷின் லேர்னிங் புரோகிராம்.

நான் 22 வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். வீடு முடிச்சூரில். தினமும் தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கி, சேலையூர், மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை ஆபீஸ் எடுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் அங்கே டீக்கடைப் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "அதான் ஏ.ஐ. எழுதுதே, இனிமே நாம எதுக்கு?"

"யாருடா எழுதினது இதை?"

"ஏ.ஐ.கிட்ட சொன்னேன் மாமா. 40 நிமிஷத்துல முழுசா எழுதிக் குடுத்துடுச்சு."

வாங்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், கோட் அழகாக இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர், மேலே விளக்கம், கீழே கலர் கலராக வரைபடம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எழுதிய எதுவும் இதில் பாதி சுத்தமாக இருந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. முழுதாகப் படித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"2015 டிசம்பர் என்ன சொல்லுது?"

தேடினான். டிசம்பர் 1 இருந்தது. டிசம்பர் 3 இருந்தது. 2-ம் தேதியைக் காணவில்லை.

காணாமல் போன நாள்

இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னையின் ஒரு வருஷத்து மொத்த மழையே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு வருஷம் ஒரே நாளில் தலையில் விழுந்தது. நவம்பரிலேயே ஒரு முறை நனைந்து, மெத்தையைக் காயப்போட்டு முடித்திருந்தோம். டிசம்பர் 1 ராத்திரி மறுபடியும். கீழ்வீட்டில் இருந்த எல்லாமே போய்விட்டது. மொட்டைமாடியில் நாலு குடும்பம், ஒரு தார்ப்பாய், ஒரு கேஸ் சிலிண்டர். அக்கா பையனுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அவனும் எங்களோடுதான் இருந்தான். மூன்றாம் நாள் படகில் அவனை நான்தான் தூக்கி இறக்கினேன்.

அந்த நாள்தான் அவனுடைய பைலில் இல்லை.

காரணம் ஒரே ஒரு வரி. மழை அளவு சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் விலகியிருந்தால் அந்த நாளை நீக்கு. பத்தாம் வகுப்புக் கணக்கில் வந்த அதே திட்ட விலக்கம். இப்படி எக்கச்சக்கமாக விலகி நிற்கும் எண்களை எங்கள் தொழிலில் அவுட்லையர் என்போம். தெர்மாமீட்டர் கெட்டுப்போய் 400 டிகிரி என்று காட்டினால், யாரோ எக்ஸெல்லில் ஒரு பூஜ்யம் கூடப் போட்டுவிட்டால், அவற்றைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கான வழக்கமான முறை இது. பாடப்புத்தகத்தில் உண்டு, இணையத்தில் லட்சம் இடத்தில் உண்டு. ஆகவே ஏ.ஐ.யும் எழுதிவிட்டது.

ஆனால் சென்னை மழை எப்படிப்பட்டது? வருஷத்தில் முக்கால்வாசி நாளுக்கு மேல் பூஜ்யம். ஒரு நாளைக்குச் சராசரி என்று போட்டால் நாலு மில்லிமீட்டர்கூட வராது. இந்த ஊருக்கு அந்த மூன்று மடங்கு விதியை வைத்தால், நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் பெய்த நாளெல்லாம் 'தப்பான எண்' ஆகிவிடும். வெள்ளத்தைக் கணிக்கும் புரோகிராம், உட்கார்ந்த உடனே முதல் வேலையாக வெள்ளம் வந்த நாட்களையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த வெயில் நாட்களை உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து படித்திருக்கிறது!

"டேட்டா க்ளீனிங்னுதானே மாமா போட்டிருந்துச்சு. நல்ல விஷயம்னு நினைச்சேன்" என்றான்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வெளிநாட்டு பென்ஷன் நிறுவனம் ஒன்றின் பைல்களைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை. வயது 100-க்கு மேல் இருந்தால் பிறந்த தேதி தப்பாக இருக்கும் என்று நானாக முடிவு செய்து, அந்தப் பெயர்களையெல்லாம் 'சரிபார்க்க வேண்டியவை' என்று ஓரமாகத் தள்ளிவிட்டேன். பெரும்பாலானவை தப்புதான். ஒன்று மட்டும் தப்பில்லை. 102 வயதுப் பாட்டி ஒருவர் நிஜமாகவே உயிரோடு இருந்தார். இரண்டு மாதம் அவருக்குப் பணம் போகவில்லை. அவருடைய பேத்தி அனுப்பிய கடிதத்தின் நகலை என் சீனியர் மேஜைமேல் வைத்தார். ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. என் கோடை பிரிண்ட் எடுத்து, பீச்சிலிருந்து தாம்பரம் வரும் ரயிலில் பக்கத்தில் உட்காரவைத்து, வரிக்கு வரி "இது ஏன்?" என்று மட்டும் கேட்டார். எழும்பூரில் ஆரம்பித்தது, சானடோரியம் வந்தும் முடியவில்லை. இன்றைக்கும் 'நீக்கு' என்ற கட்டளையைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான்.

வராது... வராது... வராது...

சரி, அந்த 99 சதவிகிதம் எப்படி வந்தது? தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை தெரியுமில்லையா? அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வையுங்கள். தினமும் காலையில் "இன்னிக்குத் தெருவுல தண்ணி நிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டு தட்டுங்கள். "நிக்காது" என்று தலையாட்டும். வருஷம் 365 நாளில் தண்ணீர் நிற்பது மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை 362 நாள் சரியாகச் சொல்லியிருக்கும். கணக்குப் போட்டால் 99.2 சதவிகிதம்! ஒரு ரூபாய் கரன்ட் செலவு இல்லை.

அந்த மூன்று நாளைச் சொல்லத்தானே புரோகிராமே எழுதுகிறோம்? ஆகவே "மொத்தத்தில் எத்தனை சரி?" என்ற கேள்வி இங்கே உதவாது. நிஜமாகத் தண்ணீர் நின்ற நாட்களில் எத்தனையைப் பிடித்தாய், நிற்காத எத்தனை நாட்களில் வீணாகப் பதறவைத்தாய் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைகளுக்கும் இதே கணக்குதான். அபூர்வமான நோய்க்கு 'எல்லோருக்கும் இல்லை' என்று ரிப்போர்ட் கொடுக்கும் லேப்கூட 99 மார்க் வாங்கிவிடும்.

பையன் முகம் வாடிவிட்டது. அம்மா இரண்டு இட்லி கூட வைத்தார்.

இந்த இடத்தில் மெஷின் லேர்னிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த சுஜாதா இருந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பார். நான் கொஞ்சம் இழுப்பேன். சாதாரண புரோகிராமில் விதியை நாம் எழுதுகிறோம். மழை 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் மணி அடி, அவ்வளவுதான். மெஷின் லேர்னிங்கில் விதியை எழுதுவதில்லை. பழைய நாட்களையும், அன்று நடந்ததையும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, விதியை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிடுகிறோம். 1959-லேயே ஆர்தர் சாமுவேல் என்ற ஐ.பி.எம். இன்ஜினீயர் செக்கர்ஸ் ஆட்டம் ஆடக் கற்றுக்கொள்ளும் புரோகிராம் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆக, விஷயம் பழசு. கொட்டுவதற்கு இவ்வளவு டேட்டாவும், அரைப்பதற்கு இவ்வளவு கம்ப்யூட்டரும் கிடைத்ததுதான் புதுசு. கிரைண்டரில் எதைப் போடுகிறோமோ அதுதான் மாவாக வரும். அதனால் எங்கள் வேலையில் பாதி, அரிசியில் கல் பார்ப்பது. இந்தப் பையனுடைய கிரைண்டர் கல்லை விட்டுவிட்டு உளுந்தை எடுத்து வெளியே போட்டுவிட்டது.

பிஸ்கட் டப்பாவில் ஒரு டேட்டாபேஸ்

எந்தெந்த நாளில் தெருவில் தண்ணீர் நின்றது என்ற பட்டியலை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பது எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. எதிர்வீட்டில் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான பெரியவர் இருக்கிறார். ஓடும் ரயிலில் நேரம் குறித்தே பழகிய கை. தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, மழை நாளாக இருந்தால் அதன் பின்னால் பென்சிலால் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். 'மாலை 5.40. கேட் வரை.' 'காலை வடிந்தது.' அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து, கையால் டைப் செய்திருக்கிறான். இந்த வேலையை எந்த ஏ.ஐ.யும் செய்து தந்திருக்காது. பெரியவர் வீட்டில் காபி குடித்தால்தான் டப்பா கிடைக்கும்.

ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம். 2015 டிசம்பர் 1 தாளில் பெரியவர் எழுதியிருக்கிறார்: 'இரவு 11. வாசல்படி தாண்டிவிட்டது.' மழை பைலிலோ பெரிய மழை 2-ம் தேதியில் இருக்கிறது. ஏனென்றால் வானிலை மையத்தின் ஒரு 'நாள்' என்பது காலை எட்டரைக்கு முடிகிறது. முதல் நாள் எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை பெய்தது எல்லாம் மறுநாள் தேதியில் பதிவாகும். பெரியவரின் நாளோ நள்ளிரவில் முடிகிறது. இரண்டையும் தேதி பார்த்து அப்படியே ஒட்டினால், முதலில் வெள்ளம் வருகிறது, மறுநாள்தான் மழை பெய்கிறது! பாவம், மெஷின் என்ன செய்யும்? 'வெள்ளத்துக்கும் மழைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை போல' என்று கற்றுக்கொள்ளும்.

எந்த ஸ்டேஷன் மழை என்று கேட்டேன். மீனம்பாக்கம் என்றான். விமான நிலையம் இருப்பதால் பல வருஷத்துக் கணக்கு விட்டுப்போகாமல் கிடைக்கிறது. தாம்பரத்திலிருந்து ஐந்தே ஐந்து ஸ்டேஷன் தள்ளி. ஆனால் அதே டிசம்பர் நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்றால் மீனம்பாக்கத்தில் சுமார் 34, நுங்கம்பாக்கத்தில் 29. ரயிலில் கால் மணி நேரத் தூரத்துக்குள் 15 சென்டிமீட்டர் வித்தியாசம்.

எனக்கே புதிதாக ஒன்று அன்றைக்கு விளங்கியது. எந்தத் தகவலுக்கு மெஷின் அதிக மதிப்புக் கொடுக்கிறது என்று பார்த்தால், முதலிடம் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம். "பாத்தீங்களா மாமா, கரெக்டா புடிச்சிருக்கு" என்றான். நானும் ஒரு நொடி தலையாட்டிவிட்டேன். 2015 என்றாலே எல்லோர் வாயிலும் செம்பரம்பாக்கம்தானே? விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததுதானே சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் முக்கியது?

அப்புறம் போனில் மேப்பைத் திறந்து விரலால் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனோம். அடையாறு ஆதனூர் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வடக்கே போகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் வந்து சேர்வது திருநீர்மலை அருகே. அது எங்களைத் தாண்டிக் கீழே! செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர், ஆறு பின்னோக்கி ஓடினால் தவிர, முடிச்சூர் வாசலுக்கு வராது. எங்களை முக்கியது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர். பிறகு ஏன் மெஷின் செம்பரம்பாக்கத்தைச் சொன்னது? ஊர் முழுக்க மழை பெய்யும்போது அந்த ஏரியும் நிரம்பும், எங்கள் தெருவும் நிரம்பும். இரண்டும் ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள். ஒன்று மற்றதைப் பெறவில்லை. செம்பரம்பாக்கம் மட்டத்தைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. ஆதனூர் ஏரிக்கு அப்படி ஒரு தினசரிக் கணக்கு அவன் கைக்குக் கிடைக்கவில்லை. இருப்பதை வைத்துத்தானே மெஷின் கதை சொல்லும்?

கிளிக் செய்யாத தெருக்கள்

2015-ல் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தன்னார்வலர்கள் சென்னைக்கு ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வரைபடத்தில் ஒரு தெருவைத் தொட்டால் அங்கே தண்ணீர் நிற்பதாகப் பதிவாகும். அற்புதமான யோசனை, பலருக்கு உதவியது. அதையும் டேட்டாவாகச் சேர்க்கலாமா என்று கேட்டான். சேர்க்கலாம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து அன்றைக்கு ஒருவரும் கிளிக் செய்யவில்லை. கரன்ட் இல்லை, டவர் இல்லை, போன் செத்து மூன்று நாள். கணுக்கால் தண்ணீர் நின்ற தெருவிலிருந்து பத்து கிளிக் வந்திருக்கலாம். கழுத்தளவு நின்ற தெரு சும்மா இருந்திருக்கும். மெஷினுக்கு அந்த மௌனம் 'இங்கே பிரச்னை இல்லை' என்றுதான் கேட்கும்.

ஒரேயடியாகக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வானிலையில் மெஷின் லேர்னிங் சாதித்திருப்பது கொஞ்சமல்ல. கூகுளின் டீப்மைண்ட் 2023-ல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட், சுமார் 40 வருஷ வானிலையைப் படித்துவிட்டு, உலகம் முழுவதற்கும் பத்து நாள் கணிப்பை ஒரு நிமிஷத்துக்குள் சொல்லிவிடுகிறது. முன்பு அதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓட வேண்டும். கூகுள் தன் வெள்ள எச்சரிக்கை முயற்சியை 2018-ல் தொடங்கியதே நம் நாட்டில், பாட்னாவில்தான். ஆனால் கிராஃப்காஸ்ட் உலகத்தைப் பார்ப்பது சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாக. அதன் கண்ணுக்குத் தாம்பரமும் மீனம்பாக்கமும் ஏறக்குறைய ஒரே புள்ளி. 49-க்கும் 34-க்கும் நடுவில் இருக்கும் அந்த 15 சென்டிமீட்டர் அங்கே தெரியாது.

இந்தப் பக்கம் பள்ளிக்கரணையில், தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தில் சி-ஃப்ளோஸ் என்று சென்னைக்கான வெள்ள எச்சரிக்கை அமைப்பு உருவானதும் 2015-க்குப் பிறகுதான். சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களும் அண்ணா பல்கலைக்கழகமும் அதில் வேலை செய்தன. மழை, ஆற்றில் வரும் நீர், கடலின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் சேர்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இயற்பியலை வைத்துக் கணக்குப் போடுகிற முறை அது. பள்ளம் எங்கே என்று அதற்குத் தெரியும். அக்கா பையனுடைய மெஷினுக்குப் பள்ளம் என்றால் என்னவென்றே தெரியாது.

படித்ததும் எழுதியதும்

மதியம் அவன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நான் கோடிங் கத்துக்கணுமா, வேணாமா? எல்லாம் அதுவே எழுதுதே?"

ஓப்பன் ஏ.ஐ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரே கார்பாத்தி 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்றொரு சொல்லைப் போட்டார். வேண்டியதைச் சொல், வருவதை ஏற்றுக்கொள், கோடைப் பார்க்கவே பார்க்காதே. வாரக் கடைசி விளையாட்டுக்கு என்றுதான் அவரே சொன்னார். ஆனால் நம் ஆட்கள் திங்கட்கிழமைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஜூலையில் டி.சி.எஸ். 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, ஓ.எம்.ஆர். முழுக்க ஒரு வாரம் யாருக்கும் டீ இறங்கவில்லை. ஏ.ஐ.யால் வேலை மிச்சமானது காரணமில்லை, திறமைகள் பொருந்தாததுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. கேட்டவர்கள் அவரவர் பயத்துக்குத் தகுந்தபடி புரிந்துகொண்டார்கள்.

அதே மாதம் எம்.இ.டி.ஆர். என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. நல்ல அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள், அவர்களே வருஷக்கணக்கில் பழகிய கோடில் 246 வேலைகள். சில வேலைகளுக்கு ஏ.ஐ. அனுமதி, சிலவற்றுக்கு இல்லை. ஏ.ஐ.யோடு செய்த வேலைகளுக்கு 19 சதவிகிதம் அதிக நேரம் பிடித்தது. வேடிக்கை அதுவல்ல. முடித்த பிறகு கேட்டபோதும், 20 சதவிகிதம் சீக்கிரம் முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள்! 16 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது; புதிய ஆட்களுக்கும் புதிய வேலைக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். கருவிகளும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஆனால் வேகமாகப் போவதுபோல் தோன்றும் அந்த மயக்கம் எனக்கும் உண்டு. நானும் தினமும் ஏ.ஐ. வைத்துத்தான் எழுதுகிறேன். சலிப்பான வேலைகளை அது வாரிக்கொண்டு போவது பெரிய நிம்மதி. ஆனால் போன மாதம் அது எழுதித் தந்த ஒரு பகுதியை இந்த மாதம் திறந்தால், வாடகை வீட்டில் அடுத்தவர் அலமாரியைத் திறந்தது போல இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் என்ற கணினி அறிஞர் 1985-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் என்பது திரையில் இருக்கும் எழுத்தில் இல்லை, அதை எழுதியவர் மனதில் இருக்கும் புரிதலில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். அந்த ஆட்கள் போய்விட்டால், கோட் அப்படியே இருந்தாலும் புரோகிராம் செத்துவிட்டது என்பார். 20 வருஷத்துக்கு முன் படித்தபோது இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "நீ எழுத வேணாம்டா. ஆனா எழுதினவன் மாதிரி பதில் சொல்லத் தெரியணும்" என்றேன். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜோஹோ நிறுவனம், ப்ளஸ் டூவும் டிப்ளோமாவும் முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பட்டம் இல்லாமலே புரோகிராமிங் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியை நடத்துகிறது. இருபது வருஷமாக நடக்கிறது. அங்கிருந்து வந்த இரண்டு பேரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே பழக்கம்: எதைக் கொடுத்தாலும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், என்ன விடை வரும் என்று காகிதத்தில் எழுதிவைத்துவிடுவார்கள். விடை மாறி வந்தால்தான் அவர்களுக்கு உற்சாகமே. அந்தப் பழக்கத்தை இவனுக்கும் சொன்னேன்.

சாயந்திரம் வரை உட்கார்ந்து திருத்தினோம். திருத்தினோம் என்றால், அவன் ஏ.ஐ.யிடம் சொன்னான், அது எழுதியது, இருவரும் வரிக்கு வரி "இது ஏன்?" கேட்டோம். நீக்கு என்ற வரி போனது. தேதி ஒரு நாள் நகர்ந்தது. எல்லா நாளையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு அதில் கொஞ்சத்தை எடுத்துப் பரீட்சை வைத்திருந்ததையும் மாற்றினோம். மழை நாள் தனியாக வராது, கூட்டமாகத்தான் வரும். முந்தின நாளும் மறுநாளும் பாடத்தில் இருந்து, நடு நாள் மட்டும் கேள்வித்தாளில் வந்தால் அது பரீட்சையா? 2014 வரை பாடம், 2015-லிருந்து பரீட்சை என்று வைத்தோம்.

மார்க் 95-க்கு இறங்கியது. ஆனால் தண்ணீர் நின்ற நாட்களில் பாதிக்கு மேல் இப்போது பிடித்தது. முன்பு ஏறக்குறைய ஒன்றுமே பிடிக்கவில்லை. பதிலுக்கு, ஐப்பசி கார்த்திகையில் வீணாகவும் நிறையக் கத்துகிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கே வந்தார்.

"வருஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு தடவை சும்மா ஸ்கூட்டரை மேட்டுல கொண்டுபோய் நிறுத்தினா என்ன குறைஞ்சிடும்? ஒரு தடவை நிறுத்தாம விட்டதுக்கு இன்ஜினே போச்சே!"

எத்தனை பொய் எச்சரிக்கைக்கு ஒரு நிஜ எச்சரிக்கை ஈடு என்பதை எந்த மெஷினும் தானாகத் தீர்மானிக்க முடியாது. எங்கள் வீட்டில் அதை அம்மா தீர்மானித்துவிட்டார். அந்த எண்ணை அப்படியே புரோகிராமில் போட்டான். பக்கத்தில் விளக்கமாக 'பாட்டி சொன்னது' என்று எழுதிவைத்தான். வைவாவில் கேட்டால் என்ன சொல்வான் என்று தெரியாது. நான் அழிக்கச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பெரியவரின் காலண்டர் தாள்கள் 2015 டிசம்பர் 1 ராத்திரியோடு நின்றுவிடுகின்றன. அடுத்த மூன்று நாளுக்குத் தாள் இல்லை. காலண்டரே தண்ணீருக்குள் இருந்தது. அந்த நாட்களில் எவ்வளவு உயரம் என்று பைலில் காலியாகக் கிடந்தது.

"மாமா, அளவு டேப் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே, வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார் அம்மா. பழுப்பாக ஒரு கோடு. அவன் முட்டி போட்டு, டேப்பின் நுனியைத் தரையில் காலால் அழுத்திக்கொண்டு, மேலே இழுத்தான்.

"நாலு அடி, ரெண்டு அங்குலம்" என்றான். பிறகு எழுந்து நின்று, அந்தக் கோடு தன் உடம்பில் எதுவரை வருகிறது என்று பார்த்தான்.

"அப்போ எனக்கு எது வரைக்கும் இருந்திருக்கும் மாமா?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, தன் கையைத் தன் மூக்குக்கு நேராக வைத்துக் காட்டினார். அவன் லேப்டாப்பைத் திறந்து, 127 சென்டிமீட்டர் என்று டைப் செய்தான்.